அழகைத் துறந்த எழுத்து



பத்தாண்டுகளாக எழுத்தின் சுவையைப் பேசிவந்த இவ்வட்டத்தில், எழுத்தின் நேர்மை குறித்துச் சிறிது பேச விழைகிறேன். அதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது ஜெர்மானிய வாகனங்களின் பதிவெண் பலகை.

அந்நாட்டுப் பலகைகளில் முன்னர் ‘டின் 1451’ என்னும் தரப்படுத்தப்பட்ட எழுத்து பொறிக்கப்பட்டது. மிக ஒழுங்கான எழுத்து அது; அவ்வொழுங்கே அதன் குறையும் ஆயிற்று. எழுத்துகளின் உறுப்புகள் ஒன்றையொன்று ஒத்திருந்தமையால், சிறிது கறுப்பு மை கொண்டு ‘பி’யை ‘ஆர்’ ஆக்கலாம். ‘எஃப்’பை ‘இ’ ஆக்கலாம். 3ஐ 8 ஆக்கலாம். 1970களில் செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழு மேற்கு ஜெர்மனியை உலுக்கியபோது, இத்தகைய திருத்தங்களைத் தடுக்கும் புதிய எழுத்து வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1978 முதல் 1980 வரை அது உருவாக்கப்பட்டது. அதனை வரைந்தவர் எழுத்தோவியர் கார்ல்கேயோர்க் ஹோஃபர். ‘போலி செய்தலைக் கடினமாக்கும் எழுத்து’ என்று பொருள்படும் ஜெர்மன் தொடரின் சுருக்கமாக, அது ‘எஃப்.ஈ.’ எழுத்து எனப்பட்டது.

தடித்த கோடுகள், அணிக் கீற்றுகள் இல்லாத எளிய முனைகள். எல்லா எழுத்துகளுக்கும் 47.5 மில்லிமீட்டர் அகலம். எல்லா இலக்கங்களுக்கும் 44.5 மில்லிமீட்டர் அகலம். ‘பி’க்குக் கால் ஒன்று சேர்த்தாலும் அது முறையான ‘ஆர்’ ஆகாது. சுழியத்தின் வலப்பக்க மேற்புறத்தில் ஒரு பிளவு உண்டு. ஆதலின் அதனை ‘ஓ’ என மயங்க இடமில்லை. கீஸன் பல்கலைக்கழகத்தில் இவ்வெழுத்தின் படிப்பெளிமையும் ஆராயப்பட்டது.

எனினும் இது பலகைகளில் ஏறியது 1990களின் நடுவில்தான். 2000 நவம்பரில் புதிய பலகைகளுக்குக் கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் ஹோஃபர் மறைந்தார்.

ஓர் எழுத்துக் குடும்பத்தின் அழகு, அதன் உறுப்பினரிடையே காணும் சாயல் ஒற்றுமையில் உள்ளது. அவ்வொற்றுமையை வளர்ப்பதே எழுத்தோவியரின் கலை. வாழ்நாளெல்லாம் அக்கலையில் தோய்ந்த ஒருவர், இங்கே அதனை வேண்டுமென்றே துறந்தார். சாலையில் விரைந்து மறையும் ஊர்தியைக் கண்ட ஒருவரின் சாட்சியம் பிழைபடலாகாது என்பதே அத்துறவின் பயன்.

இக்கவலை நமக்கும் பழையது. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்பெறாமையால் எகரமும் ஏகாரமும் மயங்கின. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றின. ஒரு கோட்டின் ஐயத்தைத் தீர்க்க நம் பதிப்பாசிரியர்கள் எத்தனையோ சுவடிகளை ஒப்புநோக்கினர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுருவம் வகுத்ததும் இம்மயக்கம் தீரவே.

நூல்களை அச்சிடும்போது எழிலா, தெளிவா என்ற வினா நம்முன் எழும். எழிலை விரும்புவோம், ஆயினும் இரண்டில் ஒன்றை இழக்க நேர்ந்தால், படிப்பவர் ஐயமின்றிப் படிக்கும் உரிமையைக் காப்போம்.