மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

(மும்பைக் கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில், நம் உறுப்பினரான பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பந்திக்கு முன்னால் பேசுகிறவர் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மும்பையில் 2004-ம் ஆண்டு மாரத்தான் ஆரம்பமானது. டில்லியில் 2005-ல் அரை மாரத்தான், பெங்களூரில் 2008-ல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கின. அதற்குப் பிறகு நம்மவர்கள் வீடுகளிலும் ஓட்டம் புகுந்துவிட்டது. மிகவும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்து பயிற்சி சூடு பிடிக்கும் சமயத்தில், என்னிடம் வருகிறவர்கள் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "முதல் மூணு வாரம் ஜோரா ஓடினேன். திடீர்னு கால் வலி. ஓடவே முடியலை." இந்தத் 'திடீர்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஓட ஆரம்பிப்பவருக்குக் கஷ்டம் இரண்டு தடவை வருகிறது. முதலாவது, முதல் நாளே வருவது. ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு படபடக்கிறது, விலாவில் பிடிக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் வேகம்தான். தசைகள் முதல் அடியிலேயே பிராணவாயுவைக் கேட்கின்றன. இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடு கொடுக்க இரண்டு மூன்று நிமிஷமாவது ஆகும். அதற்குள் வேகமெடுத்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே, நேற்று ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்று பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். பாதியில் மூச்சு தடுக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாவது கஷ்டம் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் வருவது. ஏமாற்றுவது இதுதான். ஓட ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒன்றரை மாதத்துக்குள் தசைகளும் பிராணவாயுவை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. மூச்சு சுலபமாகிறது, உற்சாகம் பிறக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஓடியவர் ஐந்து ஓடலாமே என்று நினைக்கிறார்.

எலும்பின் கணக்கு வேறு. புதிய பாரம் விழுந்தால் சரீரம் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுக்கிறது. பிறகுதான் புதிய எலும்பை வைத்து நிரப்புகிறது. குடைவதற்குச் சுமார் மூன்று வாரம், நிரப்பி உறுதியாவதற்குச் சுமார் மூன்று மாதம். பழைய கட்டடத்தில் ரிப்பேர் வேலை நடக்கும்போது பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்களே, அப்படி. நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சு "இன்னும் ஓடு" என்று சொல்வதும் சரியாக அந்தச் சமயத்தில்தான். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் இப்படித்தான். அவை தேறுவதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1855-ம் ஆண்டிலேயே பிரைட்ஹாவ்ப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடக்கும் சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே 1895-ல் வந்தது. பாத எலும்பில் மெல்லிய விரிசல் விழுகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றும் ராணுவத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் சில வாரங்களில் இது வருகிறது. இருபது வயது சிப்பாய்க்கே இப்படி என்றால் ஐம்பது வயதில் ஓட ஆரம்பிப்பவர் யோசிக்க வேண்டாமா?

"நான் பத்து வருஷமா தினமும் வாக்கிங் போறேனே" என்று சிலர் கேட்கலாம். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். பாதத்தில் விழும் விசை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஓடும்போது அது எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வோர் அடியிலும் 140 முதல் 210 கிலோ பாரம். மெதுவாக ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,200 அடி வைக்கிறார். நடைப்பயிற்சி செய்தவருக்கு மூச்சு தயாராக இருக்கிறது, கால் தயாராக இல்லை. அதனால் அவர்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒருவரைப் பற்றிப் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன். வயது 54, சர்க்கரை உண்டு, தவறாமல் நடப்பவர். ஜனவரி ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டார். ஐந்தாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினார். ஏழாவது வாரம் பன்னிரண்டு கிலோமீட்டர். மறுநாள் காலை ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் விரிசல் தெரிந்தது. இரண்டு மாதம் ஓய்வு. ஜனவரி ஓட்டம் போனது பெரிய விஷயமில்லை. "ஓட்டமெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று நடைப்பயிற்சியையும் விட்டுவிட்டார், சர்க்கரை ஏறிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, பழக்கம் கூடவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

வலியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மறுநாள் இரண்டு தொடையிலும் சமமாக வலித்து, இரண்டு மூன்று நாளில் தானாகப் போனால் அது சாதாரணத் தசைவலி. முன் எலும்பின் உள் ஓரத்தில் நீளமாக வலித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே நார்மல் என்பதை மட்டும் நம்பி மறுபடி ஓட வேண்டாம். ஆரம்ப வாரங்களில் விரிசல் அதில் தெரியாமலே போகலாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிப்பதும், மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலிப்பதும், பாரம் சீக்கிரமாகக் கூடிவிட்டது என்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம்.

வலியில்லாமல் வெறும் அசதியாக இருந்தால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் புழுக்கத்தால் வியர்வை காய்வதில்லை. உடம்பு சூடேறி இதயம் இரட்டை வேலை செய்கிறது. வெயில் காலம் தொடங்கினால் பழக இரண்டு வாரம் கொடுங்கள். டில்லிக்காரர்கள் நவம்பர் மாதப் புகையில் வெளியே ஓட வேண்டாம். நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு பி-12, இரும்புச்சத்து இரண்டும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி-12 இன்னும் குறையலாம். சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடிப்பது இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அடினலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு மேலே ஏறாது; அதனால் ஓட்டம் கஷ்டமாகத் தோன்றலாம். டாக்டரிடம் கேளுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நின்று உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு என்று சொல்லிப் பெருங்காயம் தேடாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ஓட ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் காட்டிக்கொள்வது உத்தமம்.

சரி, எப்படித்தான் ஆரம்பிப்பது? வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு, ஒரு நிமிஷம் மெது ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று எட்டுத் தடவை. அது சுலபமான பிறகுதான் ஓடும் நிமிஷங்களைச் சிறிது கூட்டுங்கள். தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். நான்காவது வாரம் உடம்பு லேசாகத் தோன்றும்போது தூரத்தைக் கூட்டாமல் அப்படியே இருங்கள். எலும்புக்கு நான் கேட்பது மூன்று நான்கு மாத அவகாசம் மட்டும்தான். இந்த வருஷம் போட்டி முடியாவிட்டால் அடுத்த வருஷம் வரும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வலி இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள்.