ஓடைக்கு அந்தப் பக்கம்

பத்தாவதோட நின்னவ நான், மைக் பிடிச்சுப் பழக்கம் இல்ல. கடன் திருப்பிக் கட்டுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அதை மத்தவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் எங்க தெருவைப் பத்திப் பேசுறேன்.

நம்ம ஊராட்சியில் ஓடைக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் ரோடு, தெரு விளக்கு, வாசல் வரைக்கும் வண்டி. அந்தப் பக்கம் நாங்க 40 குடும்பம். நடுவுல ஒரு பழைய கல் பாலம். டூவீலர் போகும், வேன் போகாது. 108 தமிழ்நாட்டுக்கு 2008-லேயே வந்துவிட்டது. எங்க தெருவுக்கு இன்னும் வரல.

போன ஐப்பசியில் ராத்திரி 9 மணிக்கு மேல, பக்கத்து வீட்டு அத்தையைக் கொல்லையில் பாம்பு கடிச்சிடுச்சு. போன் போட்டதும் 108 வந்தாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா பிள்ளையார் கோயில்கிட்டயே வண்டி நின்னுடுச்சு. கடிபட்டவங்களை நடக்க விடக் கூடாதுன்னு நர்சம்மா நமக்குச் சொல்லியிருக்காங்க இல்லையா. கயித்துக் கட்டில்ல படுக்க வச்சு நாலு பேர் தூக்கினோம், அதுல ரெண்டு பேர் பொம்பளைங்க. மழை, இருட்டு, பாலத்துல பாசி. செல்போன் வெளிச்சத்துல அடி அடியா வச்சுப் போனோம். யாரோ காலை இறுக்கிக் கட்ட வந்தாங்க, வேணாம்னு தடுத்தேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து போட்டுப் பொழச்சிட்டாங்க. இதோ மூணாவது வரிசையில இருக்காங்க, கேட்டுக்கோங்க.

அதே மாசம் மெயின் ரோட்டுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. மகன் காரை எடுத்தாரு, பீரோவுல பணம் இருந்துச்சு, போயிட்டாங்க. பொறாமையில சொல்லல. நோவு ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். எங்களுக்கு முதல்ல கட்டில் தேடணும், அப்புறம் ஆள், அப்புறம் பணம். வண்டிக்கும் மருந்துக்கும் காசு இல்லைதான். கூட இருக்கிறவங்க சாப்பாடு, திரும்பி வர ஆட்டோ, போன நாள் கூலி? சங்கத்துப் பணம் பேங்க்ல பத்திரமா இருக்கு. ராத்திரி 10 மணிக்கு பேங்க் திறக்குமா? அன்னைக்கு 3,000 ரூபாயை ஆறு வீட்டுல கேட்டு வாங்கினோம். இப்போ எங்க சங்கத்தில் தீர்மானம் போட்டு, ஊக்குநர் வீட்டில் 5,000 ரூபாய் கையிருப்பு வைத்திருக்கிறோம். நோட்டில் எழுதிட்டு எந்நேரமும் எடுக்கலாம்.

பாலம் நம்ம கையில இல்ல. அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதியிருக்கோம். போன தடவை எங்க தெரு 12 பேர் மட்டும் போனோம், "பார்க்கலாம்மா"ன்னாங்க. "உங்க தெருவுக்குத்தானே"ன்னு நம்ம அக்காங்களே சிலர் கேட்டாங்க. அக்கா, காலையில உங்க வீட்டுக்குப் பால் வர்றதும், உங்க வயலுக்கு ஆள் வர்றதும் அந்தப் பாலத்து மேலதான்.

மனு வாசல் மேசையில இருக்கு. மெயின் ரோட்டுச் சங்கத்துல ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பாருங்க. பேனாவைக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன்.