ரப்பர் ஸ்டாம்பும் ஒரு வார்ப்பு அச்சுதான்

(திருப்பதியில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

ரிடையர் ஆன சர்க்கார் உத்தியோகஸ்தர் மைக்கைப் பிடித்தால் பென்ஷன், டி.ஏ. பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று அது இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் என் மேஜையில் இருந்த ஒரு சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். அது ரப்பர் ஸ்டாம்பு.

அதைக் காகிதத்தில் குத்தத்தான் நமக்குத் தெரியும். அதையே அச்சாக வைத்து மண்ணிலும், மாவிலும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும், எம்-சீல் போன்ற எபாக்ஸி பசையிலும் வில்லைகள் வார்க்கலாம். கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அது விளையாட்டுக்காக ஆரம்பிக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வார்ப்பு நமக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்குப் பருப்புத் தேங்காய் பிடிக்கிறோமே, அது என்ன? கூட்டின் உள்பக்கம் நெய் தடவி, சரியான பதத்தில் பாகைக் கொட்டி, ஆறினதும் தட்டி எடுக்கிறோம். நெய் எதற்கு? ஒட்டாமல் வருவதற்கு. வார்ப்புக் கலையின் முதல் பாடம் அதுதான். பலமனேரைத் தாண்டிக் கர்நாடகம் போனால் சங்கராந்திக்குச் சர்க்கரை அச்சு செய்வார்கள். அங்கே மர அச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் பாகை ஊற்றுவார்கள். நெய்க்குப் பதில் தண்ணீர், வேலை ஒன்றுதான். கொலு பொம்மையும் இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டினதுதானே.

ரப்பர் ஸ்டாம்பே ஒரு வார்ப்பு என்பது பலருக்குத் தெரியாது. நான் வேலையில் சேர்ந்த 1970களில் சித்தூர் கடைத்தெருவில் ஸ்டாம்பு செய்கிறவர் ஈய எழுத்துக்களைக் கோர்த்து, அதை அழுத்தி ஒரு பள்ள அச்சு எடுப்பார். அதன் மேல் பச்சை ரப்பரை வைத்து, சுமார் 150 டிகிரி சூட்டில் பிரஸ்ஸில் இறுக்குவார். பச்சை ரப்பரில் கந்தகம் கலந்திருக்கும். சூட்டில் அந்தக் கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். பிசுபிசுப்பு போய் உறுதி வரும், வளைத்தால் திரும்பி வரும் குணமும் வரும். 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இது. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

இப்போது அந்தப் பிரஸ் அபூர்வம். பாலிமர் திரவத்தைப் புறஊதா ஒளியில் உறையவைத்துச் செய்கிறார்கள், அல்லது லேசரால் ரப்பரைச் செதுக்குகிறார்கள். கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் கையில் வந்துவிடும்.

ரப்பரில் அப்படி என்ன விசேஷம்? அது வளையும். மர அச்சிலோ உலோக அச்சிலோ எழுத்தின் ஓரம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் வார்ப்பு மாட்டிக்கொண்டு உடையும். ரப்பரை வாழைப்பழத் தோல் உரிக்கிற மாதிரி உரித்துவிடலாம். அதற்காக முதலில் கைப்பிடி மரத்திலிருந்து ரப்பரைப் பிரித்து எடுத்துவிடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்து மையைக் கழுவுங்கள். எவ்வளவு கழுவினாலும் முதல் இரண்டு வில்லை ஊதாவாகத்தான் வரும், கவலைப்பட வேண்டாம். பிறகு துளி எண்ணெய் அல்லது டால்கம் பவுடர். அதிகம் பூசினால் எழுத்து அடைந்துவிடும். ஸ்டாம்பில் மேடு ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், அதில் பூச்சுக்கு எவ்வளவு இடம் இருக்கும்?

இனி கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. ஸ்டாம்பில் எழுத்து மேடாகவும் இடவலம் மாறியும் இருக்கிறது. அதில் மண்ணை அழுத்தினால் எழுத்து நேராக வரும், ஆனால் பள்ளமாக வரும். சரி, அந்தப் பள்ளத்திலிருந்து இன்னொரு வார்ப்பு எடுப்போம் என்றால் எழுத்து மேடாகும், ஆனால் மறுபடி கண்ணாடி பிம்பமாகிவிடும். எத்தனை தலைமுறை எடுத்தாலும் இந்த இரண்டுதான் மாறி மாறி வரும். நேரான மேட்டு எழுத்து ஒருநாளும் வராது. உட்கார்ந்து யோசித்தால்தான் இது பிடிபடும். குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரான மேட்டு எழுத்து வேண்டுமானால் மூல அச்சில் எழுத்து பள்ளமாக, இடவலம் மாறி இருக்க வேண்டும். நம் கஜானாக்களில் அரக்கு முத்திரை வைக்கிற பித்தளை சீல் அப்படித்தான் இருக்கும். உருகின அரக்கில் அதை வைத்தால் பித்தளை சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அரக்கு உறைந்து, எழுத்து மேடாக நிற்கும். சிந்து சமவெளி முத்திரைகளும் மாக்கல்லில் பள்ளமாக வெட்டினவையே. களிமண்ணில் அழுத்தினால் காளை புடைத்து நிற்கும். 1905ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராஜேந்திர சோழனுடையவை, 31 ஏடுகள். வளையத்தில் கோர்த்து, அதன் மேல் புலியும் இரு மீனும் வில்லும் புடைத்து நிற்கும் முத்திரை. திருவாலங்காடு இருக்கும் திருத்தணி தாலுகா 1960 வரை நம் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, முத்திரையில் இரண்டு ஜாதி. மை தொட்டுக் குத்துவது மேடு, அழுத்திப் பதிப்பது பள்ளம்.

இதெல்லாம் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று இப்போது சொல்கிறேன். என் அக்காவுக்கு 82 வயது. அத்திம்பேர் காலமான பிறகு சித்தூரில் எங்களோடு இருக்கிறாள். கிளாக்கோமாவில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தைராய்டுக்கு என்று மூன்று வேளையும் மாத்திரை. யாராவது எடுத்துக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. "என் மாத்திரையை நானே எடுத்துப்பேண்டா" என்பாள். ஒரு நாள் காலையில் போட்ட சர்க்கரை மாத்திரையையே மத்தியானமும் போட்டுக்கொண்டுவிட்டாள். டப்பாக்கள் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. சாயங்காலம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழற ஆரம்பித்தது. என் ஆத்துக்காரி சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். பிழைத்தாள்.

பிரெய்ல் கற்றுக்கொடுக்கலாமே என்றார்கள். எண்பது வயதில், அதுவும் நீரிழிவால் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் சிறு புள்ளிகள் சுலபமில்லை. இது புதிய பிரச்சினையும் அல்ல. வயதான பிறகு பார்வை இழந்தவர்களுக்காகவே 1845ல் இங்கிலாந்தில் வில்லியம் மூன் என்பவர், தாமும் பார்வையற்றவர், ரோமன் எழுத்துக்களைச் சுலபமாக்கி மேட்டு வடிவங்களாக ஒரு முறை செய்தார். ஐரோப்பிய யூனியனில் மருந்து அட்டைப் பெட்டியில் மருந்தின் பெயர் பிரெய்லில் இருக்க வேண்டும் என்று 2004லேயே உத்தரவு போட்டுவிட்டார்கள். நமக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

பேத்தியிடம் இருந்த விளையாட்டு ஸ்டாம்புகளில் சூரியனும் பிறைச்சந்திரனும் இருந்தன. அவற்றில் எம்-சீலை அழுத்தி வில்லை எடுத்தோம். படம் பள்ளமாக வந்தது. அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "ஏதோ சொரசொரன்னு இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். பள்ளத்தை விரல் தேட வேண்டியிருக்கிறது, மேடு என்றால் அதுவே விரலில் வந்து முட்டும். அதனால் ஸ்டாம்பு கடைக்குப் போய், கருப்புப் பட்டையில் வெள்ளைப் படமாகச் செய்து தரச் சொன்னேன். அதாவது எழுத்து இருக்க வேண்டிய இடம் குழியாகவும், சுற்றுப்புறம் மேடாகவும் இருக்க வேண்டும். கடைக்காரர் தெலுங்கில், "சார், இப்படிக் குத்தினால் காகிதம் முழுக்க மைதானே அப்பும்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், சொல்லாமலே லேசரை இரண்டு தடவை ஓட்டி ஆழத்தைக் கூட்டிக் கொடுத்தார். கூலி மட்டும் ஒரு தடவைக்குத்தான் வாங்கினார்.

அக்கா சூரியனை நிராகரித்துவிட்டாள். "கதிர் எல்லாம் எதுக்குடா, காலைக்கு ஒரு கோடு, மத்தியானத்துக்கு ரெண்டு கோடு போடு. ராத்திரிக்கு அந்தப் பிறை இருக்கட்டும், அது நன்னா தெரியறது" என்றாள். அப்படியே செய்தோம். ஒன்றேகால் அங்குல வில்லை, டப்பா மூடியின் மேல் ஒட்டியிருக்கிறது. இப்போது ஒன்றரை வருஷமாகிறது, மாத்திரை மாறவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை டப்பாக்களை நிரப்புவது பார்வையுள்ள ஒருவர்தான். மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்ப்பதில்லை, அட்டையோடு வெட்டித்தான் போடுகிறோம். பெயரும் தேதியும் உள்ள பகுதியை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இனி பொருள்கள். எம்-சீல் தண்ணீர் பட்டாலும் தாங்கும், சுருங்காது. பிசையும்போது கையுறை அவசியம், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். சோள மாவும் ஃபெவிகாலும் பிசைந்தால் குழந்தைகளுக்கு நல்ல களி கிடைக்கும், ஆனால் காயும்போது கொஞ்சம் சுருங்கும். களிமண் அதைவிடச் சுருங்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் நுணுக்கத்தை அப்படியே எடுக்கும். ஜிப்சத்தைச் சூடாக்கி முக்கால் பங்கு நீரை ஓட்டிய தூள் அது. தண்ணீர் சேர்த்தால் இழந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லாகிறது, இறுகும்போது மிகச் சிறிதளவு விரிந்து மூலைமுடுக்கெல்லாம் புகுகிறது. தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஒரு பங்கு தண்ணீருக்குச் சுமார் இரண்டு பங்கு தூள்.

இறுகும்போது அது சூட்டை வெளிவிடும். ஸ்டாம்பு அளவு வில்லையில் அது வெதுவெதுப்புதான். வாளி நிறையக் கரைத்தால் கதை வேறு. 2007ல் இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் ஒரு பள்ளி மாணவி, 16 வயது, கையின் அச்சை எடுக்க வாளிப் பிளாஸ்டரில் இரண்டு கையையும் விட்டாள். இறுகிவிட்டது, எடுக்க முடியவில்லை. சூட்டில் வெந்து பெரும்பாலான விரல்களை இழந்தாள். ஆகவே பேரன் பேத்தி கையை அச்செடுக்கிறேன் என்று யாரும் இதில் இறங்காதீர்கள். மீதியைச் சாக்கடையிலும் கொட்டாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும்.

பிள்ளையார் செய்யலாமா என்று ஒரு மாமி சீட்டு அனுப்பியிருக்கிறார். காணிப்பாக்கம் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! பூஜை செய்து கரைக்கிற பிள்ளையாருக்குக் களிமண்தான். பிளாஸ்டர் லேசில் கரையாது. லிட்டருக்கு இரண்டு கிராம் சுமார்தான் கரையும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் வெளியிட்ட நெறிமுறைகளில் பிளாஸ்டர் விக்கிரகங்களே கூடாது என்று இருக்கிறது. களிமண்ணில் பிள்ளையாரைப் பிடித்துவிட்டு, பீடத்தில் கோலத்தையோ பத்மத்தையோ ஸ்டாம்பால் பதியுங்கள், அழகாக இருக்கும்.

முடிக்கும் முன் ஒரு எச்சரிக்கை, பழைய உத்தியோக புத்தி. வீட்டில் பழைய ஆபீஸ் சீல்கள் கிடந்தால் அவற்றை இதற்கு எடுக்க வேண்டாம். போலி முத்திரை செய்வதும், மோசடி எண்ணத்தோடு அதை வைத்திருப்பதும் இந்திய தண்டனைச் சட்டத்தில் 472, 473 பிரிவுகளில் குற்றமாக இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சம்ஹிதையிலும் அப்படியே. உங்கள் எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்த வில்லை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. காலாவதியான சீலைக் குறுக்கே வெட்டிப் போடுங்கள்.

மூன்று அச்சுகளையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். எம்-சீலும் நாலு ஜோடி கையுறையும் இருக்கின்றன. வீட்டில் பார்வை குறைந்த பெரியவர்கள் உள்ளவர்கள் காபிக்குப் பிறகு வந்து அவரவர் கையால் ஒரு செட் எடுத்துக்கொள்ளலாம். இறுக நேரமாகும், அதனால் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போங்கள்.