அட்வான்ஸ் கொடுத்தவர் நிலம் வாங்க வரவில்லை

(ஒரகடம் வட்டார நில உடைமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பேரப்பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்து, பையிலிருந்து இரண்டு லட்சம் ரூபாயை எடுத்து வைக்கிறாரே ஒருவர், அவர் நிலம் வாங்க வந்தவர் இல்லை. நிலத்தை வாங்குகிற பணம் அவரிடம் கிடையாது. அவருக்கு வேண்டியது உங்கள் நிலத்தின் மேல் இரண்டு மூன்று வருஷத்துப் பிடி. ஏக்கருக்கு இன்றைய விலையை எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அந்தக் காகிதத்தைக் காட்டி எங்கேயோ ஒரு கம்பெனியைத் தேடுவார், குடோன் கட்டுகிறவரைத் தேடுவார், மனை போடுகிறவரைத் தேடுவார். ஆள் கிடைத்தால் வித்தியாசம் முழுக்க அவர் பைக்குள். கிடைக்காவிட்டால் பாக்கிப் பணத்துக்கு நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டும். வந்தால் லாபம் அவருக்கு, வராவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. இதற்குப் பெயர் வியாபாரமா?

இந்த மண்ணுக்கு இது புதிதில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது 1996-ல். நோக்கியா 2006-ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010-ல், டைம்லர் 2012-ல், ராயல் என்ஃபீல்டு 2013-ல் உற்பத்தியைத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற விடுதியே திறந்தாகிவிட்டது. வந்தது எல்லாம் உண்மை. அந்த உண்மையின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் பொய் பேசுகிறார்கள். நோக்கியா எத்தனை வருஷம் இருந்தது? எட்டே வருஷம். 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு நான்கு இடம் பார்த்தார்கள்: பன்னூர், பரந்தூர், படாளம், திருப்போரூர். பன்னூர் நமக்குத் தூரமில்லை. 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். பன்னூரில் வரும் என்று நம்பி ஒருவர் அக்ரிமெண்ட் போட்டிருந்தால், அறிவிப்பு வந்த மறுநாள் அவர் பாக்கியைக் கொடுப்பாரா, போனை எடுக்காமல் இருப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

"அக்ரிமெண்ட்தானே அண்ணே, கிரயமா பண்ணச் சொல்றோம்? வெறும் பேப்பர்தானே" என்பார்கள். வெறும் பேப்பர் இல்லை. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நிலம் விற்கிற ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த நிமிஷம் அது உங்கள் வில்லங்கச் சான்றில் ஏறுகிறது. அதற்குப் பிறகு நல்ல விலைக்கு வருகிறவர் வில்லங்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். பேங்கில் கடன் கேட்டாலும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். இன்னொன்று சொல்கிறேன், பல பேருக்குத் தெரியாது. 2018-க்கு முன்னால், ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிப் போட்ட வழக்கில், இந்த விவசாயிக்கு அநியாயம் என்று பட்டால் கிரயம் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்ல நீதிபதிக்குக் கையில் இடம் இருந்தது. 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த இடம் ரொம்பவும் குறுகிவிட்டது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். வழக்குத் தொடுக்க அவருக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு. வழக்கு முடிய எத்தனை வருஷம் என்று தெரிந்த, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள்.

பவர் என்கிற அதிகாரப் பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். "அப்பா, நீங்க எதுக்குச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அலையணும், ஒரு பவர் கொடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று மரியாதையாகக் கேட்பார்கள். பவர் கொடுத்தால் நிலம் கைமாறியதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. உரிமை உங்களிடமே இருக்கும், வரி ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கும், பிரச்சினை வந்தால் சம்மன் உங்களுக்கே வரும். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி விற்கிற அதிகாரம் அவர் கையில் இருக்கும். பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பவர் என்று அதில் எழுதிவிட்டால், நினைத்தபோது ரத்து செய்துவிட முடியாது. எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று நீங்கள் கேட்கப் போனால், அந்தக் கணக்கு வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கும்.

பணத்தை ரொக்கமாகத்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாரே என்று சந்தோஷப்படுகிறோம். நிலம் சம்பந்தமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம் என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. கிரயம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் இதுதான். அபராதம் யாருக்குத் தெரியுமா? கொடுத்தவருக்கு இல்லை. வாங்கினவருக்கு. கோட்டுப் போட்டு வந்த கம்பெனிக்காரருக்கு இல்லை, அட்வான்ஸ் வாங்கின நமக்கு!

இனி, நான் இவ்வளவு தூரம் வந்ததே எதற்காகவோ அந்த விஷயம். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் பேரைச் சொல்லிப் பயமுறுத்துவது. "கவர்மெண்ட் எடுத்துக்கப் போகுது, எடுத்தா சல்லிக் காசு தரமாட்டான், அதுக்கு முன்னாடி எங்ககிட்ட கொடுத்துடுங்க." பரந்தூர் பேச்சு வந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் இந்தப் பாட்டுத்தான். நான் கேட்கிறேன், சல்லிக் காசு கிடைக்காத நிலத்தை இவர் எதற்காக வாங்குகிறார்? நோட்டிஸ் வரப்போவது தெரிந்தே வந்து வாங்குகிறாரே, உங்கள் மேல் இரக்கமா?

கணக்கு இருக்கிறது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2013 நில எடுப்புச் சட்டத்தில், சந்தை மதிப்பு எவ்வளவோ அதற்கு மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை உண்டு. கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பையே ஒரு எண்ணால் பெருக்கித்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். சிப்காட்டுக்காகத் தமிழ்நாடு அரசின் 1997 சட்டத்தின்படி எடுத்தாலும் இழப்பீடு இந்த 2013 சட்டத்துக் கணக்கில்தான். நிலத்தை எடுப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்க்கிற ஏகனாபுரத்து மக்கள் அந்தக் கேள்வியை வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து கேட்கிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் இங்கே பேசுவது அந்த இழப்பீடு யார் வீட்டுக்குப் போகிறது என்பதைப் பற்றி. நோட்டிஸுக்கு முந்தின மாதம் நீங்கள் விற்றிருந்தால் அது உங்கள் வீட்டுக்கு வராது.

அந்தச் சந்தை மதிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அக்கம்பக்கத்தில் முந்தின மூன்று வருஷத்தில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுக்கிறார்கள். அதில் விலை அதிகமுள்ள பாதியைப் பிரித்துச் சராசரி போடுகிறார்கள். அந்தச் சராசரியையும் அரசின் வழிகாட்டி மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அதிகமோ அதைப் பிடிக்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள். இதுவரை நாம் எப்படிப் பத்திரம் போட்டோம்? வாங்கினது ஒரு விலை, எழுதினது வழிகாட்டி மதிப்பு, மீதி கையில். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பையே 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆறு வருஷமும் குறைந்த மதிப்பிலேயே பத்திரம் எழுதிக்கொண்டு போனோம். இன்று முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதைக் கட்ட வேண்டியவர் வாங்குகிறவர். அதை மிச்சம் பிடிக்கத்தான் குறைத்து எழுதச் சொல்கிறார். அவர் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் நாளைக்கு உங்கள் பங்காளியின் இழப்பீட்டில் குறைகிறது, எதிர்வீட்டு விதவையின் இழப்பீட்டில் குறைகிறது, நீங்கள் விற்காமல் வைத்திருக்கிற மீதி அறுபது சென்ட்டுக்கும் குறைகிறது. உங்கள் பத்திரத்தில் எழுதின விலை உங்கள் ஒருவருடைய விலை இல்லை. ஊரின் விலை. தனியாக விற்கிறோம் என்று நினைக்கிறோம், அவர்கள் ஊரையே சேர்த்து வாங்குகிறார்கள்.

ஊரைச் சேர்த்து வாங்குகிற வித்தையும் அவர்களுக்குத் தெரியும். முதலில் ரோட்டை ஒட்டின நிலத்தை நல்ல விலை கொடுத்தே வாங்குவார்கள். "பாருங்க, எவ்வளவு நேர்மையான ஆளு" என்று ஊரே பேசும். மறுவாரம் கம்பி வேலி வரும். வேலிக்குப் பின்னால் இருக்கிற நஞ்சைக்கு வண்டி போன பாதை அதற்குள் மாட்டிக்கொள்ளும். வாய்க்கால் தூர்ந்துபோகும். ஏரியில் தண்ணீர் இருந்தும் மதகிலிருந்து வயலுக்கு வராது. ஆறு மாதம் கழித்து அதே ஆள் வருவார்: "பாதை இல்லாத நிலம், இந்த விலைதான் போகும்." பாதையை அடைத்தவரே பாதை இல்லை என்று விலையைக் குறைக்கிறார். நெடுநாள் நடந்த வழிக்கு 1882 வசதியுரிமைச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் வேலி போடுகிற அன்றைக்குப் போய் நிற்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நின்றால் வக்கீல் பீஸ்தான் மிச்சம்.

தாய்மார்கள் இதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லிருந்து, நாடு முழுக்க 2005-லிருந்து, பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் விற்க மறுத்தால், வெளியூரில் வாக்கப்பட்ட தங்கையைத் தேடிப் போகிறார்கள். "உங்க அண்ணன் உனக்கு ஒண்ணும் தரமாட்டாரு, உன் பங்கை நாங்க வாங்கிக்கறோம்" என்று பிரிபடாத பாகத்தை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குகிறார்கள். மறுமாதம் அந்தப் புதுப் பங்காளி பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். அண்ணன்மாரே, உங்கள் தங்கைக்குச் சேர வேண்டியதை நீங்கள் முறையாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், அந்த ஆள் அவள் வாசலில் நிற்க முடியுமா? இதில் புரோக்கரை மட்டும் திட்டிவிட்டு நான் போக மாட்டேன்.

சேரிப் பக்கத்து நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது. நாம் நிற்கிற இந்தப் பூமி அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. இங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் எழுதின அறிக்கையால்தான் 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம். அதை அந்தச் சமூகத்துக்கு வெளியே விற்க முடியாது. அந்த நிலத்தை மீட்கக் காரணை கிராமத்தில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பஞ்சமி நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவனுக்கு அது செல்லாது என்பது உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மலிவாகக் கேட்கிறான்.

பீமந்தாங்கல் நமக்கு எத்தனை கிலோமீட்டர்? அங்கே அரசு நிலத்துக்குத் தனியார் பெயரில் பட்டா வாங்கி, நெடுஞ்சாலை இழப்பீட்டுப் பணத்தையே எடுத்ததாக வழக்கு வந்து, சி.பி.சி.ஐ.டி. வரை போனது. அரசு நிலத்துக்கே அந்தக் கதி என்றால், பட்டாவில் இன்னும் தாத்தா பெயரையே வைத்திருக்கிற நம் நிலம் எம்மாத்திரம்?

விற்காதே என்று சொல்ல நான் வரவில்லை. கல்யாணம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, பையன் படிப்பு இருக்கிறது. விற்பவர்கள் விற்கட்டும். அக்ரிமெண்ட்டும் பவரும் வேண்டாம், நேராகக் கிரயம். முழுப் பணமும் பேங்க் வழியாக. முழு விலையும் பத்திரத்தில். இதற்குச் சம்மதிக்காதவர் உண்மையாக வாங்க வந்தவர் இல்லை, அவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

விற்காமலும் வழி இருக்கிறது. சிப்காட் கம்பெனிகளுக்கு நிலத்தை என்ன செய்கிறது? பெரும்பாலும் 99 வருஷக் குத்தகைக்கு விடுகிறது. அரசாங்கம் தன் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, நம்மை மட்டும் ஏன் அறுத்து விற்கச் சொல்கிறார்கள்? புனே பக்கத்தில் மகர்பட்டா என்று ஓர் இடம். ஏறக்குறைய 120 விவசாயக் குடும்பங்கள், 400 ஏக்கருக்கு மேல் இருந்த நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, யாருக்கும் விற்காமல், தாங்களே கம்பெனி அமைத்து நகரம் கட்டினார்கள். அவரவர் நிலத்துக்கு ஏற்ற பங்கு அவரவருக்கு. அவர்களும் கரும்பு போட்ட விவசாயிகள்தான். எல்லா ஊருக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஒரே சர்வே எண்ணில் கூட்டுப் பட்டா வைத்திருக்கிற பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து விலை பேசினால் கூடப் போதும், புரோக்கரின் பேச்சு மாறிவிடும்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற பட்டா, பத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள், காசு கேட்காது. இறந்துபோனவர் பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள், பெண் பிள்ளைகள் பெயரையும் சேர்த்து. அடுத்த கிராம சபையில் இரண்டு தீர்மானம் வைப்போம்: ஊரின் வண்டிப்பாதைகளையும் வாய்க்கால்களையும் அளந்து கல் நட வேண்டும், வழிகாட்டி மதிப்பை உண்மையான விலைக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். மேடைக்கு இடது பக்கம் இரண்டு வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்ரிமெண்ட் நகலைக் கொண்டுவந்திருப்பவர்கள் இப்போதே போய்க் காட்டுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்துக்குக் காகிதத்தோடு வாருங்கள்.