பையை வாங்குவதா, நாமே கட்டுவதா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேரிடர் முன்னேற்பாட்டுப் பணிக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டப் பொருளில் நாலாவதாக "அவசரகாலப் பை" என்று எழுதியிருக்கிறது. இரண்டு மாதமாக நம் வேதாரண்யம் பகுதியில் பல குழுக்களின் கூட்டத்துக்கு ஒருவர் சிவப்புப் பை ஒன்றைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிறார். பை ஒன்று 1,950 ரூபாய். "புயல் வந்தா இந்த ஒரு பை போதும்மா, மூணு நாள் தாங்கும்" என்கிறார். கையில் காசு இல்லாதவர்கள் குழுவில் உள்கடன் எடுத்து வாங்கலாம் என்று வழியும் அவரே சொல்லிக் கொடுக்கிறார். சில குழுக்கள் தீர்மானம் எழுதும் அளவுக்குப் போய்விட்டன. சில குழுக்கள் "கூட்டமைப்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று நிறுத்தி வைத்திருக்கின்றன. அதனால் எங்கள் பணிக்குழுவில் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பையை வாங்கி, பாயை விரித்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தோம்.

உள்ளே இருந்தவை: ஒரு சின்ன டார்ச், விசில், திசை காட்டும் கருவி, பல மடக்குக் கத்தி ஒன்று, பஞ்சும் பிளாஸ்திரியும், காய்ச்சல் மாத்திரை ஒரு பட்டை, மூன்று பிஸ்கட் பொட்டலம், தண்ணீர்ப் பாக்கெட் நாலு, வெள்ளித் தாள் போல ஒரு போர்வை, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு குறிப்புத் தாள். எல்லாம் ஒரு ஆளுக்கு. நம் வீடுகளில் நாலு பேர், ஐந்து பேர் இருக்கிறோம். பிஸ்கட்டின் காலாவதித் தேதியைப் பார்த்தால், மழைக்காலம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. விசில் நல்ல பொருள். இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டால் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிடும், விசிலை ஊதிக்கொண்டே இருக்கலாம். அந்த வெள்ளிப் போர்வையும் வீண் இல்லை. நனைந்த பிள்ளைக்கு ஈரத் துணியை மாற்றிவிட்டு அதில் சுற்றினால் உடம்புச் சூடு வெளியே போகாது. திசை காட்டும் கருவி எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடல் கிழக்கே இருக்கிறது, அது நமக்குத் தெரியும். மாதவிலக்குத் துணியோ நாப்கினோ ஒன்றுகூட இல்லை. அந்தப் பையைக் கட்டியவர் நிச்சயம் ஒரு பெண்ணாக இருக்க முடியாது!

ஆனால் கடைப் பையில் ஒரு பலம் உண்டு. வாங்கினால் அது வீட்டில் இருக்கும். "நாமே கட்டிக்கலாம்" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், பை இருக்காது. அல்லது பையில் வைத்த வெல்லத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்றிருக்கும், டார்ச்சின் பேட்டரி கடிகாரத்துக்குப் போயிருக்கும். சொந்தமாகக் கட்டுவது என்று முடிவு செய்தால் இதற்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நாம் பட்ட இரண்டு பேரிடர்களை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஓடத்தான் நேரம் இருந்தது. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்கு மேல் கஜா கரையைக் கடந்தபோது நாலைந்து நாளாகவே ரேடியோவிலும் டிவியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஜாவில் நாம் பட்ட கஷ்டம் புயல் அடித்த அந்த ராத்திரியோடு முடியவில்லை, பிறகுதான் ஆரம்பித்தது. தென்னையும் கம்பமும் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். கூரை பறந்த வீடுகளுக்குத் தார்ப்பாய் கிடைக்காமல் அலைந்தோம்.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, ஒரு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பை. இன்னொன்று, புயல் போனபின் வீட்டிலோ முகாமிலோ நாட்களை ஓட்டுவதற்கான சேமிப்பு. கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் அடக்கப் பார்க்கிறார். அதனால்தான் அது இரண்டுக்கும் போதவில்லை.

ஓடுகிற பையில் முதல் இடம் காகிதங்களுக்கு. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக், பட்டா நகல், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள். இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டுக் கட்டுங்கள். ஒரு செட் நகல் எடுத்து வேறு ஊரில் இருக்கும் அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் போன் நனையும், சார்ஜ் போகும்.

இதோடு இன்னொரு கேள்வி. உங்கள் குழுவின் தீர்மானப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, தனிநபர் பாஸ்புக் எல்லாம் யார் வீட்டில் இருக்கின்றன? அது கூரை வீடா, மாடி வீடா? பல வருடம் உழைத்துச் சேர்த்த கணக்கு ஒரு மழையில் கரைந்தால், யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதில் சண்டை வரும், குழு உடையும். ஐப்பசி முதல் மார்கழி வரையாவது பதிவேடுகளைக் கான்கிரீட் வீட்டில் உயரத்தில் வைக்க வேண்டும். மாதக் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து ஊக்குநர், பிரதிநிதி இருவர் போனிலும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மருந்து. கடைப் பையில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது. ஆனால் உங்கள் மாமியாரின் பிரஷர் மாத்திரை அதில் எப்படி இருக்கும்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. புது மாத்திரை வந்ததும் அதில் ஒரு வாரத்துக்கு உள்ளதைப் பையில் போடுங்கள். பையில் இருக்கும் பழையதை எடுத்து முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். செலவே இல்லை, மாத்திரையும் காலாவதி ஆகாது. டாக்டர் எழுதிய சீட்டின் நகலும் கூடவே இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் மருந்தை வையுங்கள். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

பிறகு நமக்கானது. நாப்கின் அல்லது சுத்தமான துணி, உள்ளாடை, மாற்று உடை ஒன்று, கருப்பு நிறத்தில் ஒரு துப்பட்டா. முகாமில் உடை மாற்ற மறைப்பு இல்லாமல் நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். டார்ச்சும் அதற்காகத்தான், ராத்திரியில் கழிப்பறைக்குப் போகிற பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள், கசிந்து டார்ச்சைக் கெடுத்துவிடும். தனியாகக் கட்டி வையுங்கள். மெழுகுவத்தி மலிவுதான், ஆனால் கூரை வீட்டில் அதை நம்பக்கூடாது.

இனி வீட்டுச் சேமிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கிற குடத்தில் மூன்று குடம். இதைக் காசு கொடுத்துப் பாக்கெட்டில் வாங்க வேண்டியதில்லை. புயல் அறிவிப்பு வந்ததும், கரண்ட் போவதற்கு முன்னால் நிரப்பி மூடி வைத்தால் போதும். பிறகு கிடைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். விறகு நனைந்துவிட்டால் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பதை உறையில் பார்த்துப் போடுங்கள், ஒரு மாத்திரை போல இன்னொன்று இல்லை. கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும்.

சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு. அடுப்பு இல்லாமலே சாப்பிடலாம். இவற்றைத் தனியாகப் பூட்டி வைத்தால் வண்டு விழும். மாதா மாதம் பழையதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு புதியதை டப்பாவில் நிரப்புங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் பால்பவுடர் டின்னைத் தேட வேண்டாம். கெட்ட தண்ணீரில் கலந்த பவுடர்தான் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பாலையே விடாமல் கொடுங்கள். தாய்க்குத் தண்ணீரும் சாப்பாடும் முதலில் கிடைக்க வேண்டும், அதைக் குழு பார்த்துக்கொள்ளட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைகொடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அது இல்லாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

இப்போது காசு விஷயம். பதினைந்து பேர் உள்ள குழு அந்தப் பையை வாங்கினால் 29,250 ரூபாய். கடனாக எடுத்தால் வட்டி வேறு. மேலே சொன்னதில் பாதிக்கு மேல் நம் வீட்டிலேயே இருக்கிறது. வாங்கியே ஆக வேண்டியவை டார்ச், விசில், காயத்துக்குக் கட்டும் துணி, குளோரின் மாத்திரை, நைலான் கயிறு, தார்ப்பாய். இவற்றைத் தயாராக வாங்குவதில் தவறில்லை, தரமாகவும் வாங்க வேண்டும். கூட்டமைப்பே மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் பணிக்குழு முன்மொழிகிறது. பையை நம் தையல் குழுக்கள் ரெக்சினில் தைத்துத் தரும். இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கிழவி என்று ஓடும்போது பை தோளில்தான் இருக்க முடியும்.

கட்டியபின் ஒரு தடவை அதை மாட்டிக்கொண்டு புயல் பாதுகாப்பு மையம் வரைக்கும் நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் எதை எடுப்பது என்று அப்போது தெரியும். தனியாக இருக்கும் வயதான அம்மாக்களின் பையை யார் தூக்குவது என்பதைக் குழுக் கூட்டத்திலேயே பேர் சொல்லி எழுதுங்கள். பைக்குள் ஒரு அட்டையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவரின் எண் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

புரட்டாசி மாதக் குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் பையைக் கொண்டுவர வேண்டும். சந்தா வாங்கும்போதே பையையும் திறந்து பார்த்துவிடலாம். வாங்க வேண்டிய பொருள்களின் கணக்கை ஊக்குநர்கள் ஆவணிக் கடைசிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். தார்ப்பாய் கேட்பவர்கள் வீட்டுக் கூரையின் நீள அகலத்தை அளந்து, எத்தனை அடி என்று சேர்த்து எழுதிக் கொடுங்கள்.