பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டுவதற்கு முன்

(நம் சமுதாயக் கூடத்தில் நடக்கும் ஞாயிறு மாலைப் பேச்சில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பத்து நிமிஷம் பேசலாம், தண்ணீர் லாரி, பார்க்கிங் இரண்டையும் தொடக் கூடாது என்று செயலாளர் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார். அதனால் என் கையில் இருக்கும் இந்தச் சின்ன லென்ஸைப் பற்றிப் பேசுகிறேன்.

இது என் அப்பாவுடையது. அவர் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். சோவியத் உதவியோடு கட்டிய நிலையம் அது. ஊருக்குத் திரும்பிய ரஷ்யப் பொறியாளர் ஒருவர் போகும்போது அப்பாவிடம் ஒரு ஜோர்க்கி கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில்தான் எடுத்தது. கேமரா எப்போதோ பழுதாகிவிட்டது. லென்ஸ் மட்டும் பிழைத்தது. பெயர் இண்டஸ்டார் 22. 50 மில்லிமீட்டர், எஃப் 3.5. வெளியே இழுத்துத் திருகினால் படம் எடுக்கலாம். முடிந்ததும் திருகி உள்ளே தள்ளிவிட்டால் கேமரா சட்டைப்பை அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு, பயன்படுத்திய லைக்கா எம்9 ஒன்று வாங்கினேன். 2009இல் வெளிவந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அது. ஜோர்க்கி என்பதே பழைய லைக்காவைப் பார்த்துச் செய்ததுதான். அதனால் அப்பாவின் லென்ஸ், ஓர் அடாப்டர் வளையம் இருந்தால் இதிலும் பொருந்தும். பொங்கலன்று பேத்தியைக் கோலத்தின் முன்னால் உட்கார வைத்து நாலு படம் எடுத்தேன். பிறகு அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகிய வேலையைச் செய்தேன். திருகினேன், உள்ளே தள்ளினேன்.

"கிறீச்" என்று ஒரு சத்தம். கை நின்றுவிட்டது. மெதுவாக வெளியே இழுத்துக் கழற்றிப் பார்த்தேன். கேமராவின் உள்சுவரில் நகக்கீறல் போல ஒரு கோடு. ஷட்டர் தப்பித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் ஷட்டர் தகடு வளைந்திருக்கும்.

அன்று ராத்திரிதான் கேமராவின் கையேட்டைப் பொறுமையாகப் படித்தேன். உள்ளே தள்ளும் குழல் கொண்ட லென்ஸ்களை வெளியே இழுத்த நிலையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், கேமராவுக்குள் தள்ளவே கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டியது.

ஏன் இந்த வித்தியாசம்? ஃபிலிம் கேமராவில் ஷட்டருக்கு முன்னால் நல்ல காலியிடம் இருக்கும். துணித்திரை ஷட்டர், அதன் பின்னால் ஃபிலிம், அவ்வளவுதான். டிஜிட்டல் கேமராவில் உலோகத் தகடு ஷட்டர், ஒளி அளக்கும் ஏற்பாடு, சென்சார், அதன் மேல் கண்ணாடி என்று பல சாமான்கள் அதே இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வீட்டின் அமைப்பே வேறு.

இந்தக் கூடத்தில் இருக்கிற பலர் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு லென்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் புதுக் கேமரா வாங்கும்போது "இதையும் மாட்டிப் பார்க்கலாமே" என்று தோன்றும். தாராளமாக மாட்டலாம். ஆனால் அதற்கு முன் நாலு விஷயம்.

முதலாவது, லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். குழல் உள்ளே போகும் வகையா? அப்படியானால் அது உள்ளே போகாதபடி தடுத்துவிடுங்கள். நான் செய்தது, இழுத்த நிலையில் குழலைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் லேபிள் பட்டையை ஒட்டியதுதான். இனி என் கை மறந்தாலும் லென்ஸ் நகராது. சில லென்ஸ்களில் பின்கண்ணாடியே குமிழ் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரஷ்யாவின் ஜூபிட்டர் 12 அப்படிப்பட்டது. இந்த வகை ஒரு கேமராவில் பொருந்தும், இன்னொன்றில் இடிக்கும். எம்9 கையேட்டிலேயே, பழைய லென்ஸ்களில் எவற்றை மாட்டக் கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 15 மில்லிமீட்டர் ஹோலோகான் அதில் ஒன்று. உங்கள் கேமராவின் கையேட்டை முதலில் பாருங்கள். மாட்டும்போது கொஞ்சம் இறுகினாலும் பலம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அடாப்டர். பழைய திருகு லென்ஸின் வாய் 39 மில்லிமீட்டர். 1954இல் எம்3 கேமராவோடு வந்த எம் மவுண்ட், திருகாமல் செருகிப் பூட்டும் வகை. இரண்டுக்கும் நடுவில் வரும் வளையம் சரியாக 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். மட்டமான வளையத்தில் இந்தத் தடிமன் பிசகினால் தூரத்தில் இருப்பது தெளிவாக விழாது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 50க்கான வளையம்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வியூஃபைண்டரில் வேறு சட்டம் தெரியும், படத்தில் தலை வெட்டுப்படும்.

மூன்றாவது, சுத்தம். அறுபது வருஷத் திருகில் காய்ந்த கிரீஸ், பித்தளைத் தூள், உரிந்த பெயின்ட் எல்லாம் இருக்கும். மாட்டினால் அத்தனையும் சென்சாருக்குப் போய்ச் சேரும். மென்மையான பிரஷ்ஷால் திருகைத் துடைத்துவிட்டு, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து மாட்டுங்கள். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோரக் காற்றுக்கு இது சகஜம். அந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நீங்களே கழற்ற வேண்டாம். நல்ல லென்ஸைத் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பூஞ்சைக்கு அதுதான் மெத்தை. மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

நான்காவது, ஃபோகஸ். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளும், அதை வைத்துத்தான் தூரம் அளக்கிறது. ரஷ்ய லென்ஸ்களில் இந்தக் கணக்கு லைக்காவோடு முழுசாகப் பொருந்தாது. கிட்டத்தில் எடுக்கும்போது கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் விழும். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, ஒரு வரியின் கீழ் கோடு போட்டு, ஒரு மீட்டர் தள்ளிச் சாய்வாக நின்று எஃப் 3.5இல் எடுத்துப் பாருங்கள். எந்த வரி தெளிவாக விழுகிறதோ அதுதான் லென்ஸ் சொல்லும் உண்மை. என் லென்ஸ் கொஞ்சம் பிசகுகிறது. எஃப் 8 வைத்து ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. பின்பக்கம் நீட்டிய லென்ஸ்களில் கேமரா அளக்கும் வெளிச்சக் கணக்கை நம்ப முடியாது. எம்9 ஷட்டர் தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் அளக்கிறது. நீட்டிய கண்ணாடி அந்த வழியை மறைத்துவிடும். சோதனையாக ஒன்றிரண்டு படம் எடுத்துத் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இதனால் கேமராவுக்குச் சேதம் எதுவும் வராது.

பேத்தியின் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்து வாசலில் மாட்டியிருக்கிறேன். போகும்போது பாருங்கள். ஓரங்கள் கொஞ்சம் மங்கல், வெளிச்சம் பட்ட இடத்தில் லேசான பனி. நெய்வேலி வீட்டு ஆல்பத்தில் என் அத்தைகள் முகத்திலும் அதே பனி உண்டு. நான் தள்ளிய தள்ளில் லென்ஸ் கெட்டிருந்தால் கேமராவுக்குச் செலவு செய்து சரிபண்ணியிருப்பேன். இதை எங்கே போய் வாங்குவது?

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் இருப்பேன். வீட்டில் உள்ள பழைய லென்ஸைக் கொண்டுவாருங்கள், பின்பக்கத்தைச் சேர்ந்து பார்ப்போம். அதுவரை தயவுசெய்து எதிலும் மாட்டிப் பார்க்காதீர்கள். மாட்டியிருந்தால் உள்ளே தள்ளாதீர்கள்.

காபி ஆறிப்போகிறது.