எக்ஸ் கிரணங்களும் கல் குவாரித் தொழிலாளியின் மார்பும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



எக்ஸ் கிரணத்தால் மார்பைப் படம் பிடித்தாலே இருமல் தீருமென்று நம்புவோரும், அக்கிரணம் பட்டால் சரீரம் வெந்துபோகுமென்று அஞ்சுவோரும் கிராமங்களில் உண்டு. இரண்டும் பிசகு. அக்கிரணம் வஸ்துக்களினூடே செல்லும் விதத்தை அறிந்தால் இம்மயக்கங்கள் நீங்கும்.

1895-ம் வருஷம் ஜெர்மனி தேசத்து ராண்ட்கன் பண்டிதர் இதனைக் கண்டுபிடித்தார். இது வெளிச்சத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் வீரியம் மிக்கது. ஒரு வஸ்துவின்மேல் விழும்போது இதில் ஒரு பங்கு தடையின்றி ஊடுருவும். ஒரு பங்கை அணுக்கள் விழுங்கும். மற்றொரு பங்கு எலெக்ட்ரான்களில் மோதித் திசைமாறிச் சிதறும். அவ்வாறு சிதறுகையில் வீரியம் குறைவதை 1923-ல் அமெரிக்காவின் காம்ப்டன் பண்டிதர் விளக்கினார்.

விழுங்கும் சக்தி அணுவின் எண்ணைப் பொறுத்தது. தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனுக்கு எண் 8, எலும்பிலுள்ள கால்ஸியத்துக்கு 20, ஈயத்துக்கு 82. எண் ஏற ஏற அச்சக்தி பன்மடங்கு ஏறும். ஆகவே படத்தில் எலும்பு வெண்மையாகவும், காற்று நிறைந்த சுவாசாசயம் கறுப்பாகவும் தோன்றும். ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் செய்யப்படும் மோட்டார் வார்ப்படங்களின் உள்ளே குமிழி இருப்பின், அவற்றை உடைக்காமலே இம்முறையால் அறியலாம்.

கிருஷ்ணகிரி ஜில்லாவின் கருங்கல் குவாரிகளில் எழும் நுண்தூள் சுவாசாசயத்தில் தங்கித் தழும்பேற்றும். அத்தகைய மார்பில் க்ஷயரோகமும் எளிதில் பற்றும். இரண்டும் படத்தில் வெண்ணிழலாகவே விழக்கூடும். கிரணம் நிழலைக் காட்டுமேயன்றி நோயின் பெயரைச் சொல்லாது. ஆதலால் கோழையைச் சோதிப்பதும், செய்துவந்த தொழிலை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வதும் அவசியம்.

க்ஷயத்துக்கு மருந்துண்டு. 1956-ல் சென்னையில் ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் குணமாகுமென நிரூபித்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அம்மருந்து இலவசம், கடன்பட வேண்டியதில்லை. கல்தூளின் தழும்பையோ மருந்தால் அகற்ற இயலாது. நீர் தெளித்துத் தூளை அடக்குவதே முக்கியமான காப்பு.

ஒரு மார்புப் படத்தால் சேரும் கிரண அளவு, மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் மனிதர் இயல்பாகப் பெறும் சில நாளைய அளவே. எனினும் வீணாகப் படம் எடுத்தல் தகாது. கர்ப்பிணிகள் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். பழைய படங்களைப் பத்திரப்படுத்தினால், நிழல் வளர்ந்ததா தேய்ந்ததா என்று வைத்தியர் ஒப்பிட இயலும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க. ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினருக்கு இதனை எடுத்துரைக்குமாக.